மரப் பள்ளிக்கூடத்தின் கணக்கு



மரபுச் சின்னம் என்றாலே நமக்குக் கோபுரத்தையும் கோட்டையையும்தான் காட்டுகிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது பலகை அடித்த பள்ளிக்கூடம். அமெரிக்கத் தென்மாநிலங்களில், பைன் காடுகளை வெட்டித் தீர்த்த மரம் அறுக்கும் ஆலைகளின் ஊர்களிலும் பருத்திக்காட்டு ஊர்களிலும் கறுப்பின மக்கள் தம் பிள்ளைகளுக்காக எழுப்பியவை. இன்று அவற்றைப் பாரம்பரியம் என்கிறார்கள். நல்லது. அதில் எதைப் பாதுகாப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஆலை ஊர்களில் காடு, ஆலை, தொழிலாளர் வீடு, கடை எல்லாம் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். கறுப்பர் குடியிருப்பு தனி. சேரி என்று சொன்னால் இந்த அவைக்கு விளக்கம் தேவைப்படாது. அவர்களும் வரி கட்டினார்கள். அதில் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிக்குப் போனது. கறுப்பர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தேவாலயத்தின் ஒரு மூலை அல்லது கொட்டகை. டு பாய்ஸ் மாணவராக இருந்தபோது கோடையில் டென்னசி கிராமமொன்றில் பாடம் நடத்திய பள்ளி, ஒரு வெள்ளையர் சோளம் கொட்டிவைத்த மரக்கொட்டகை. அதற்குக் கதவு கிடையாது. ஆசிரியரின் நாற்காலி தங்கியிருந்த வீட்டம்மாவிடம் வாங்கிய இரவல். தினமும் இரவு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டு பாய்ஸுக்குத்தான்.

1912இல் புக்கர் டி. வாஷிங்டனும் சியர்ஸ் ரோபக் கம்பெனித் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டும் சேர்ந்து பள்ளி கட்டும் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1932க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. பெரும்பாலானவை மரக் கட்டடங்கள். தன் கம்பெனியே ஆயத்தமாக வெட்டி அனுப்பும் பாகங்களைக் கொண்டு கட்டலாம் என்பது ரோசன்வால்டின் யோசனை. வாஷிங்டன் ஏற்கவில்லை, ஊர் மக்களே மரமும் உழைப்பும் தர வேண்டும் என்றார். ஊர்க்காரர்கள் மரம் வெட்டி, ஆலைக்கு இழுத்துப்போய் அறுத்து வந்தார்கள். கம்பெனிக்காகப் பகலெல்லாம் பலகை அறுத்த கைகள் தம் பிள்ளைகளுக்காகவும் அறுத்தன.

அலபாமாவின் லோச்சபோக்காவில் 1913இல் எழுந்த பள்ளியின் கணக்கைக் கேளுங்கள். மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். ரோசன்வால்ட் தந்தது 300. உள்ளூர் வெள்ளையர் 360. கறுப்பின மக்கள் ரொக்கமாக 150, உழைப்பாக 132 டாலர் 50 சென்ட். திட்டம் முழுவதுக்கும் பார்த்தால் ரோசன்வால்ட் நிதியின் பங்கு ஏறத்தாழ 44 லட்சம் டாலர்; கறுப்பின மக்கள் திரட்டியது ஏறத்தாழ 47 லட்சம். மீதியில் பெரும்பகுதி அரசு வரிப்பணம். கொடையாளியைவிட அதிகம் கொடுத்தவர்கள் கூலிக்காரர்கள். பெயர் என்னவோ 'ரோசன்வால்ட் பள்ளி'. அந்த மனிதர் தன் பெயரை வைக்கச் சொல்லி நிற்கவில்லை. நான் கேட்பது பிறகு வந்த வரலாற்றுக்காரர்களை. கட்டி முடித்ததும் நிலமும் கட்டடமும் அரசுக் கல்வி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. வரியாக ஒருமுறை, கையிலிருந்து மறுமுறை கட்டியவர்களிடம் பத்திரம்கூட மிஞ்சவில்லை.

கட்டடத்தைக் குறைசொல்ல மாட்டேன். மின்சாரம் வராத ஊர்களுக்காக வரைந்தது. உயரமான ஜன்னல்கள் வரிசையாக இருக்கும். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி, வெளிச்சம் பிள்ளைகளின் இடப்பக்கத்திலிருந்து வரும். ஒரு குழந்தை எழுதுவதை அவ்வளவு மதித்து யோசித்திருக்கிறார்கள்.

ஆர்கன்சாஸில் ஸ்டாம்ப்ஸ் என்ற ஊர் அப்படி ஓர் ஆலை ஊர். மாயா ஏஞ்சலோவின் பாட்டி, கடை வைப்பதற்கு முன் அங்கே மரவாடித் தொழிலாளர்களுக்கும் பருத்தி ஆலைத் தொழிலாளர்களுக்கும் மதிய உணவு விற்றவர். ஏஞ்சலோ படித்தது ரோசன்வால்ட் நிதி உதவிய பள்ளியில். அவருடைய தன்வரலாறு 1969இல் வந்தது. அதில் எட்டாம் வகுப்புப் பட்டமளிப்பு நாளைப் படியுங்கள். பேச வந்த வெள்ளையர், வெள்ளையர் பள்ளிக்கு நுண்ணோக்கியும் வேதியியல் கருவிகளும் வரும் என்கிறார். கறுப்பர் பள்ளிக்கு அவர் வாயிலிருந்து வருவது விளையாட்டு வீரர்களின் பெருமை. ஜன்னலை வெளிச்சத்துக்காகத் திறந்து வைத்த பள்ளியில், பிள்ளை எதுவரை பார்க்கலாம் என்று வெளியாள் வந்து சொல்லிவிட்டுப் போகிறான்.

1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்தது. நிறப்பிரிவினை சட்டப்படி விழுந்தது. அதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை. ஆனால் இணைப்பு நடந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகள். கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். கட்டடங்களில் சில வைக்கோல் போடும் கொட்டகையாயின, பல மண்ணோடு போயின. 2002இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. அதற்கு முன்பே பல ஊர்களில் பழைய மாணவர்கள், தலை நரைத்த பிறகு, இடிந்த பள்ளியைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களின் பெற்றோர் இரண்டு முறை கட்டியதற்கு, மூன்றாம் முறை.