மஞ்சள் காமாலைத் தடுப்பும் நமது உரிமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் இவர் நோயைப் பற்றிப் பேசுகின்றாரே எனச் சிலர் எண்ணக்கூடும். கற்றவன் தன் வீட்டாரின் உயிரைக் காக்க அக்கல்வியைப் பயன்படுத்தவில்லையெனில், அவன் பெற்ற பட்டத்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவேதான் இப்பொருளைத் தேர்ந்தேன்.

மஞ்சள் காமாலை என்பது தனியொரு நோயன்று. பெரும்பாலும் கல்லீரல் பழுதுற்றதைக் காட்டும் அடையாளம். கல்லீரலைத் தாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. இவற்றுள் ஏ, ஈ இரண்டும் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. ஏனைய மூன்றும் முதன்மையாகக் குருதி வழியே பரவுகின்றன. பி வைரஸ் உடலுறவாலும், பேறுகாலத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும்.

1955-56ஆம் ஆண்டுகளில் டில்லி மாநகரின் குடிநீரில் சாக்கடை நீர் கலந்தது. ஏறத்தாழ 29,000 பேர் காமாலையால் வீழ்ந்தனர். அது ஈ வைரஸின் வேலை எனப் பிற்காலத்தில் தெரியவந்தது. 1927ஆம் ஆண்டில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். நீரை அணுகும் உரிமை அன்று கேட்கப்பட்டது; தூய நீரைப் பெறும் உரிமை இன்று கேட்கப்பட வேண்டும்.

அரசு செய்திருப்பவற்றை நாம் அறிதல் வேண்டும். 2011ஆம் ஆண்டு முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டும். பிறக்கும்போது இவ்வைரஸ் தொற்றிய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. பின்னாளில் கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் அவர்களை அச்சுறுத்துகின்றன. ஆகவே அந்த ஒரு நாளை இழக்கலாகாது.

2018ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி பி, சி வைரஸ்களுக்கான பரிசோதனையும் மருந்தும் திட்டத்தில் சேர்ந்த அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சி வகை நோயாளிகளுள் பெரும்பாலோர் பன்னிரண்டு வாரங்கள் மாத்திரை உண்டால் முற்றிலும் குணமடைகின்றனர். பி வகையை வேரறுக்கும் மருந்து இல்லை. ஆயினும் தேவைப்படுவோர்க்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரை அதனை அடக்கி வைக்கிறது.

கீழாநெல்லி இருக்கிறதே எனச் சிலர் கேட்பீர்கள். 1988ஆம் ஆண்டில் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி பி வைரஸை நீக்குவதாக லான்செட் இதழில் எழுதியது உண்மையே. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல் தகாது.

இனி என் நெஞ்சை அழுத்தும் செய்திக்கு வருகிறேன். என் சிறிய தந்தையார் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளராக உழைத்தவர். வெறுங்கையால் குப்பையை அள்ளும்போது ஊசி குத்தும். துணியால் துடைத்துக்கொண்டு அடுத்த கூடையைத் தூக்குவார். தடுப்பூசி போட்டுக்கொள்ளலாகாதா என ஒரு முறை கேட்டேன். "அது டாக்டருக்கும் நர்சுக்கும் போடுவதப்பா, நமக்கு யார் போடுவார்கள்?" என்றார். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து அவர் மறைந்தார். அவரைக் கொன்றது எந்த ஊசியோ, எவரும் ஆராயவில்லை.

தோழர்களே! அக்கேள்விக்கு இன்று விடை உண்டு. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், கையுறை முதலிய பாதுகாப்புப் பொருள்களும், ஆண்டுதோறும் உடற்பரிசோதனையும் அளிப்பது மருத்துவமனையின் கடமையாகும். மருத்துவருக்கு மட்டுமென்று அவ்விதி கூறவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியும் கழிவைக் கையாள்பவரே. ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் போதாது. கேட்பார் இல்லாத உரிமை கிடைப்பதில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று பணிகளைச் சொல்கிறேன். முதலாவது, உங்கள் தெருவில் துப்புரவுப் பணி செய்வோரின் பட்டியலை எடுங்கள். யார் மூன்று தவணைத் தடுப்பூசியையும் முடித்தவர், யார் முடிக்காதவர் எனக் குறியுங்கள். முடிக்காதோர் சார்பில் மனு எழுதிக் கொடுங்கள். இரண்டாவது, ஊசி குத்தினால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுமாறு கற்பியுங்கள். மூன்றாவது, கருவுற்ற தாய்மார்களைப் பி வைரஸ் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மனு எழுதத் தெரியாத தலைமுறை நம்மைப் படிக்க வைத்தது. அவர்களுக்காக ஒரு மனுவேனும் எழுதுவதே இவ்வெள்ளி விழாவிற்கு நாம் செய்யும் சிறப்பு.