நான்கு வாரப் பயணம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஈராண்டுக்கு முன் இதே விழா முடிந்த இரவில், மருத்துவம் பயிலும் பெண்ணொருத்தியின் தந்தையார் எம்மை அணுகினார். "இறுதியாண்டில் அமெரிக்கா சென்று மருத்துவமனையொன்றில் நான்கு வாரம் பயிற்சி பெற வேண்டும் என்கிறாள். சேமநிதியிலிருந்து பணம் எடுக்கட்டுமா?" என்றார். உடனே விடை கூற எமக்குத் தெரியவில்லை. நண்பர் சிலருடன் கூடி விசாரித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்காவில் மருத்துவத் தொழில் நடத்த 'ரெசிடென்சி' என்னும் மேற்பயிற்சி வேண்டும். மாணவரும் மருத்துவமனைகளும் தத்தம் விருப்ப வரிசையைத் தர, இரண்டையும் பொருத்தி இடம் ஒதுக்கும் 'மேட்ச்' முறை 1952 முதல் நடந்து வருகிறது. முடிவு மார்ச்சு மாதத்தில் வெளியாகும். விண்ணப்பிக்கும் முன் தம் கல்லூரியை விட்டு வேறோர் இடத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் பணி கற்பதே 'அவே ரொட்டேஷன்'. எலும்பு அறுவை மருத்துவம் போன்ற துறைகளில் அந்நாட்டு மாணவரே இதனை வழக்கமாகச் செய்கின்றனர். அம்மாதம் முழுவதும் நேர்முகத் தேர்வே எனலாம். பொது மருத்துவத்தில் அவர்களுக்கு இது அத்தனை அவசியமன்று.

நம் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களை அறிந்த அமெரிக்க மருத்துவர் இலர். பரிந்துரைக் கடிதம் யாரிடம் பெறுவது? 'ஸ்டெப் 1' தேர்வு 2022 சனவரி முதல் மதிப்பெண்ணின்றித் தேர்ச்சியை மட்டுமே அறிவிப்பதால், கடிதத்தின் மதிப்பும் கூடியிருக்கிறது. மாணவராயிருக்கையில் சென்றால் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க வாய்ப்புண்டு. பட்டம் பெற்றபின் பெரும்பாலும் 'அப்சர்வர்ஷிப்'தான். கைகட்டி நின்று பார்க்கலாம். இதையறியாது எம் உறவினர் மகன் ஒருவன் பட்டத்திற்குப் பின் பெரும்பொருள் கொடுத்துச் சென்று, எட்டு வாரம் சுவரோரம் நின்று திரும்பினான். நின்றவனைப்பற்றி எழுத அங்குள்ளவருக்கு என்ன இருக்கும்?

ஆகவே, பட்டத்திற்கு முன்பே போகட்டும், ஓரிடம் போதும் என்றோம். பெயர் பெற்ற இடத்தைவிட, வெளிநாட்டில் படித்தவர்களை ஏற்கெனவே சேர்த்துக்கொண்டுள்ள இடத்தை நாடுமாறும் கூறினோம். இன்னார் மகன் நான்கு இடம் சென்றான் என்று கோயில் வாசலில் பேசுவோர் விமானச் சீட்டுக்குப் பங்கு தருவதில்லை!

அப்பெண் மட்டும் ஒன்று கேட்டாள்: "அப்பா பணமும் போய், இடமும் கிடைக்காவிட்டால், மாமா?" எந்தப் பயிற்சியும் இடத்திற்குப் பிணையாகாது என்றே சொன்னோம். நான்கு வாரத்தில் நற்பெயரும் வரலாம், சோர்ந்த ஒரு நாளால் அது கெடவும் செய்யலாம் என்பதையும் மறைக்கவில்லை. தந்தையார் தலை குனிந்து வெகுநேரம் இருந்தார். பிறகு சேமநிதிப் படிவத்தில் கையொப்பமிட்டார்.

சென்று வந்தாள். இப்போது இங்கே ஹவுஸ் சர்ஜனாக இரவுப் பணி பார்க்கிறாள். அங்கே அவளுடைய வேலையைக் கண்ட மருத்துவர் ஒருவர் கடிதம் எழுத இசைந்திருக்கிறார். அது வந்து சேர்ந்ததா என்று தந்தையாரைக் காணும்போதெல்லாம் கேட்கிறோம். இன்று காலை வரை வரவில்லை.