மௌனத்துக்கும் பில் போடலாமா?



இலக்கிய மேடையில் சாஃப்ட்வேர் வியாபாரம் எதற்கு என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. ஐயா, இந்தச் சென்னையில் எத்தனை வீட்டு அடுப்பு அந்தத் தொழிலால் எரிகிறது! ஜோஹோ இங்கே வளர்ந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010-இல் இங்கே தொடங்கி, 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது.

இவர்கள் பிழைத்த வழி என்ன? தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு. 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சேல்ஸ்ஃபோர்ஸ் பரப்பிய கணக்கு அது. நூறு பேர் வேலை செய்தால் நூறு லாகின், நூறு கட்டணம்.

இப்போது வேலைக்கு வந்திருப்பது, மனிதருக்குப் பதிலாகத் தானே வேலை செய்யும் ஏஐ ஏஜெண்ட். திருவல்லிக்கேணி மெஸ்ஸில் ஒரே மாத அட்டையைக் காட்டி, மேன்ஷன் முழுவதற்கும் கேரியரில் சோறு கட்டிக்கொண்டு போகிறவனைப் போல, ஒரே லாகினில் நூறு பேர் வேலையை முடித்துவிடுகிறது! மெஸ்காரர் தலையை எண்ணிக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

அதனால் சாஃப்ட்வேர் நிறுவனங்கள் எண்ணுவதை மாற்றின. சேல்ஸ்ஃபோர்ஸ் 2024-இல் ஏஜெண்ட் நடத்தும் ஓர் உரையாடலுக்கு 2 டாலர் என்றது. அடுத்த ஆண்டே, ஒரு செயலுக்கு 10 சென்ட் என்றும் ஒரு கணக்கு வைத்தது. இண்டர்காம் நிறுவனம் அதற்கு முன்பே, 2023-இல், வாடிக்கையாளரின் பிரச்சினை தீர்ந்தால் மட்டும் 99 சென்ட் என்றது. கேட்க எவ்வளவு நேர்மையாக இருக்கிறது!

ஆனால் தீர்ந்தது என்று யார் சொல்வது? வாடிக்கையாளர் ‘சரி’ என்றாலும் தீர்ந்தது. பதிலைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனாலும் தீர்ந்தது. இது இண்டர்காம் தானே எழுதிவைத்த விதி. சிலிண்டர் வரவில்லை என்று நாலு தரம் கேட்டு, ‘சீ, போ’ என்று போனை வைக்கிறாளே நம் வீட்டுப் பெரியம்மா, அவளும் அந்தக் கணக்கில் திருப்தியடைந்த வாடிக்கையாளர்!

முடித்த வேலைக்குக் கூலி என்பதை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஏஐ மாடல்காரருக்குக் காசு கட்டும் நிறுவனம் இலவசமாக ஓட முடியாது. ஏஜெண்ட் எத்தனை வந்தாலும், கணக்கைப் பத்திரமாக வைத்து, யார் எதைத் தொடலாம் என்று காவல் காப்பதும் இதே சாஃப்ட்வேர்தான். அதற்கு நிலையான மாதக் கட்டணம் வாங்கட்டும். முடித்த வேலையை எண்ணும் உரிமை மட்டும் பணம் கொடுக்கிறவன் கையில் இருக்கட்டும்.

சென்னைப் பொறியாளர்களே, உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: அதே ஆள் அதே குறையோடு ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தால், வாங்கிய காசைத் திருப்பித் தருகிறோம்.