கடல் கடந்த கல்விச் செலவு

(நம் சங்கத்தின் திருவாரூர்க் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



'செலவு' என்னும் சொல்லைப் பண்டைத் தமிழ்ப் புலவர் பயணம் என்னும் பொருளில் வழங்கினர். இக்காலத்தார்க்கோ அச்சொல் கைப்பொருள் கழிதலையே உணர்த்துகின்றது. நம் கல்வி நிதியினின்றும் கல்லூரி மாணாக்கர் சிலரைச் சின்னாள் அயல்நாட்டிற்கு அனுப்பவேண்டும் என்று இளைஞர் கேட்கின்றனர். ஏழைப் பிள்ளைகளின் சம்பளத்திற்கு உதவும் பணத்தை இவ்வாறு கரைப்பது முறையோ என்று பெரியோர் வினவுகின்றனர். இரு திறத்தாரும் ஒரு சொல்லின் இரு பொருளைப் பற்றி நிற்கின்றனர். எத்தகைய செலவு வீணாகும், எத்தகைய செலவு பயன் தரும் என்பதை உண்மை நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு ஆராய்வோம்.

கவியரசர் இரவீந்திரநாத தாகூர் 1921-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் விசுவபாரதியை நிறுவினார். 1927 ஜூலையில் அவர் ஒரு சிறு குழுவினருடன் நம் சென்னைத் துறைமுகத்திலேயே கப்பலேறினார். மலேயா, ஜாவா, பாலி, சயாம் முதலிய நாடுகளைக் கண்டு, நான்கு திங்கள் நிறைவுறுமுன் மீண்டார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்து மொழிநூற் பேராசிரியர் சுனீதி குமார் சாட்டர்ஜியும், ஓவியர்களாகிய சுரேந்திரநாத கர், தீரேந்திரகிருஷ்ண தேவவர்மர் என்போரும் உடன் சென்றோருள் அடங்குவர்.

நான்கு திங்கட்குட்பட்ட காலம் சிறிதே. ஆயினும் அவர்கள் வெறுங்கையராய் மீளவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலுக்கு உரிய கண்ணோடு சென்றனர். மொழிப் பேராசிரியர் ஆங்காங்கு வழங்கும் சொற்களையும் சடங்குகளையும் உசாவி அறிந்து, வங்க மொழியில் விரிவான பயண நூலொன்று எழுதினார். கவியரசர் தாம் கண்டவற்றைக் கடிதங்களாக வரைந்தார், அவையும் நூலாயின. ஜாவாவின் ஆடல்முறை பின்னர் அவர்தம் நாட்டிய நாடகங்களுக்கும் துணையாயிற்று. ஓவியர்வழி, 'பாத்திக்' என்னும் சாயத்தொழில் சாந்திநிகேதனத்திற்கு வந்து வேரூன்றியது. உருக்கிய மெழுகால் துணியில் கோலம் எழுதிச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் வெந்நீரில் மெழுகைக் களைய, கோலம் விளங்கித் தோன்றும்.

இதனைக் கேட்கும்போது நம் சோழநாட்டுக் கோடாலிக்கருப்பூர்ச் சேலை நினைவிற்கு வருகின்றது. தஞ்சை மராட்டிய அரசர் போற்றிய அச்சேலையிலும் மெழுகிட்டுச் சாயம் ஏற்றும் முறை உண்டு. அரச ஆதரவு நீங்கியபின் அத்தொழில் நலிந்து ஒழிந்தது. நம் வீட்டில் அவிந்த விளக்கு அயலார் வீட்டில் எரிவதைக் கண்டு நெருப்பு வாங்கி வருதலும் கல்வியேயாகும்.

அந்நாடுகள் நமக்குப் புதியனவும் அல்ல. நமக்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய வேந்தன் தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். அதற்கு முதலாம் இராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்து வருவாயை அளித்தான். அதனைக் கூறும் செப்பேடுகள் ஆலந்து நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டு லெய்டன் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தமையின், அறிஞர் அவற்றை 'லெய்டன் செப்பேடுகள்' என்றே வழங்கினர். நம் ஊர்ச் செய்தியை அறியவும் கடல் கடக்க நேர்ந்த விந்தையை நோக்குக! ஜாவாவில் பிரம்பானன் கோயிற் சுவர்களில் இராமகாதைச் சிற்பங்கள் உள்ளன. இசுலாம் சமயத்தைத் தழுவிய அம்மக்கள் இன்றும் அருச்சுனன், வீமன் கதைகளைத் தோற்பாவை நிழலில் ஆட்டி மகிழ்கின்றனர். சமயம் மாறினும் கலையைப் போற்றலாம் என்னும் இவ்வுண்மையை ஏட்டிற் படிப்பதினும் நேரிற் காணும் இளைஞன் நெஞ்சில் நன்கு பதிப்பான்.

கடல் கடத்தல் குற்றம் என்று சாதிக்குப் புறம்பாக்கிய காலமும் இந்நாட்டில் இருந்தது. அத்தடை ஒழிந்தது. இப்போதுள்ள தடை வேறு. விமானத்திற் பறந்து, கட்டடங்களின் முன்னின்று படமெடுத்து, கடைவீதியிற் பொருள் வாங்கி மீள்வதையே கல்விப் பயணம் என்று கருதும் மயக்கமே அது. அதற்கு நம் நிதியினின்றும் ஒரு காசும் கொடுத்தலாகாது என்று கூறும் பெரியோர் பக்கமே யானும் நிற்பேன்.

ஆதலின் என் கருத்து இது. முதற்கண் ஏழைப் பிள்ளைகளின் சம்பளத்தைக் குறைவறக் கட்டுதல் வேண்டும். எஞ்சிய தொகையில் ஆண்டிற்கு ஒரு மாணவனையும் ஒரு மாணவியையும் அனுப்புவோம். பெண்மக்களை விலக்கி வைப்பதற்கு யாதொரு நியாயமும் இல்லை. செல்வோர் எதனை அறியப்போகின்றோம் என்பதை முன்னரே எழுதித் தருக. நெல்லை ஆராய்பவர் வயலையும், கட்டடக்கலை பயில்பவர் கோயிலையும் நாடுக. மீண்டபின் நம் சிற்றூர்தோறும் சென்று கண்டதை எடுத்துரைத்து, இந்த இதழிலும் எழுதுக. 2009-ஆம் ஆண்டு முதல் நம் திருவாரூரிலேயே மத்தியப் பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. அங்குள்ள ஆசிரியரை அணுகிப் புறப்படுமுன் வேண்டுவன கற்றல் எளிது.

அகத்திணை நூலார் 'செலவழுங்குதல்' என்று ஒன்று கூறுவர். பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் சிறிது தாழ்ப்பது, போகாமல் நின்றுவிடுவதற்கன்று. இல்லிலிருப்பாளை ஆற்றுவித்துப் பின் போதற்கேயாம். நம் பெரியோரின் தயக்கமும் அத்தகையதாகுக. வீட்டிலுள்ள ஏழைப் பிள்ளைகளை முதலில் ஆற்றுவிப்போம். பின்னர்ச் செல்வோரை வாழ்த்தி விடுப்போம்.