கோட்டை கவர்னரின் கொடிவழி



சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் இருக்கிறது. அதன் திருமணப் பதிவேட்டைப் புரட்டினால் முதல் கல்யாணம் 1680 நவம்பர் 4 அன்று நடந்தது தெரியவரும். தேவாலயம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை எலிஹு யேல், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர், முப்பத்தொரு வயது. மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ், அதே ஆண்டில் கணவரை இழந்தவர். இறந்துபோன ஜோசப் ஹின்மர்ஸ் கோட்டைக் கவுன்சிலில் பெரிய பதவியில் இருந்தவர். விதவையின் கையோடு அவருடைய சொத்தும் மாப்பிள்ளைக்கு வந்து சேர்ந்தது. ஏழு ஆண்டுக்குள் அந்த மாப்பிள்ளை கோட்டையின் கவர்னரானார். இன்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த மனிதர் யார் வீட்டுப் பிள்ளை? அதைத் தேட நியூ ஹேவனுக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. பெரும்பகுதி வேலையை இங்கே லண்டனிலேயே முடித்துவிடலாம். அமெரிக்காவுக்குப் போனவர்களும் இந்தியாவுக்குப் போனவர்களும் இந்த ஊர் வழியாகத்தான் போனார்கள். கணக்கு, கடிதம், சண்டை, வழக்கு எல்லாம் இங்கேதான் திரும்பி வந்தன. செயின்ட் பேங்க்ரஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களை அடுக்கியிருக்கும் அலமாரிகளை ஒரே வரிசையாக வைத்தால் 14 கிலோமீட்டர் நீளும். அங்கிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் புளூம்ஸ்பரியில் குவீன் ஸ்கொயர். கடைசிக் காலத்தில் யேல் வாழ்ந்த இடம் அது.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் சொல்லும் முதல் விதி, தெரிந்ததிலிருந்து பின்னோக்கிப் போ என்பது. எலிஹு பிறந்தது 1649 ஏப்ரல் 5, பாஸ்டனில். அப்பா டேவிட் யேல், அம்மா அர்சுலா நைட். பையனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. லண்டனில் வில்லியம் டூகார்ட் நடத்திய பள்ளியில் படித்தார். 1672இல் மெட்ராஸில் வந்து இறங்கினார், அடிமட்ட எழுத்தராக.

அப்பாவுக்கு முந்தைய தலைமுறைக்குப் போனால் கதை சூடு பிடிக்கிறது. டேவிட்டின் தாயார் ஆன் லாயிட், செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாயிடின் மகள். அந்த பிஷப்பின் பெயரில் ஒரு பழைய மரவேலைப்பாட்டு வீடு செஸ்டரில் இன்னும் நிற்கிறது. ஆனின் முதல் கணவர் தாமஸ் யேல், வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்து நிலக்காரக் குடும்பம். அவர் 1619இல் இறந்தார். கைம்பெண்ணான ஆன், தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வியாபாரியை மணந்தார். ஈட்டன், சிட்டியில் கோல்மன் தெரு புனித ஸ்டீபன் தேவாலயத்தைச் சேர்ந்தவர். அங்கே பாதிரியாராக இருந்த ஜான் டேவன்போர்ட்டும் ஈட்டனும் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு ஹெக்டர் என்ற கப்பலில் 1637 ஜூனில் பாஸ்டனில் இறங்கினார்கள். மறுவருஷம் நியூ ஹேவன் குடியேற்றம். ஈட்டன்தான் அதன் முதல் கவர்னர், 1658இல் சாகும்வரை. அந்தத் தேவாலயத்தைத் தேடிப் போகாதீர்கள். 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்துபோனது, திரும்பக் கட்டவில்லை.

ஆன் ஈட்டனைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் அவர் செய்த வம்பு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தப்பு என்று அவர் வாதாடினார். கவர்னர் மனைவி அப்படிப் பேசலாமா? 1645 வாக்கில் சபை அவரை விசாரித்து விலக்கிவைத்தது. விசாரணையில் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் வெளியே வந்தது. சாப்பாட்டு மேசையில் மாமியாரைக் கன்னத்தில் அறைந்தார், மூத்தாள் மகளைக் கிள்ளினார் என்று குற்றச்சாட்டு. நம் ஊர் மாமியார் மருமகள் சண்டை எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. அங்கே சபையார் கூடி ஒன்றுவிடாமல் எழுதிவைத்துவிட்டார்கள். பழைய காகிதத்தில் பெண்கள் தென்படுவது மூன்று நேரத்தில்தான்: கல்யாணம், கணவன் சாவு, யாரோடாவது சண்டை. ஒழுங்காகக் குடித்தனம் செய்த எத்தனையோ பெண்கள் தடமே இல்லாமல் போய்விட்டார்கள்.

ஆனுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளைகளில் இருவரை நினைவில் வையுங்கள். ஒருவர் டேவிட், எலிஹுவின் அப்பா. இன்னொருவர் தாமஸ், சித்தப்பா. அண்ணன் திரும்பிப் போனார், தம்பி தங்கிவிட்டார். தாமஸ் யேல் நியூ ஹேவனில் நிலம் வாங்கினார், ஊர்க் காரியங்களில் பங்கெடுத்தார், கேப்டன் நத்தானியேல் டர்னரின் மகள் மேரியைக் கட்டினார். அந்த மாமனார் 1646இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, கப்பலோடு காணாமற்போனார். தாமஸ் 1683இல் இறந்தார். அமெரிக்காவில் யேல் என்று பெயர் வைத்திருக்கும் பழைய குடும்பங்கள் தங்கள் வேரை இந்தத் தாமஸிடம்தான் தேடுகின்றன. 1850இலும் 1908இலும் குடும்பத்தாரே கொடிவழிப் புத்தகம் அச்சடித்திருக்கிறார்கள். தாமஸின் வம்சத்தை இப்படித் தொடர முடிந்தது நிலத்தால். நிலம் வாங்கினால் பத்திரம், விற்றால் பத்திரம், செத்தால் சொத்துப் பட்டியல். வம்சத்தின் பெருமையை நினைத்து யாரும் இதையெல்லாம் எழுதவில்லை. வரியும் வாரிசுரிமையும் எழுதவைத்தன.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது. 1752 வரை அப்படித்தான். ஆகவே 1680 ஜனவரி என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1681. இதைக் கவனிக்காமல் அப்பா இறந்த பிறகு பிள்ளை பிறந்ததாக எழுதிவைத்த ஆட்களும் உண்டு.

மெட்ராஸுக்கு வருவோம். கோட்டைக் கவுன்சில் அன்றாடம் என்ன பேசியது, யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதையெல்லாம் ஆலோசனைப் புத்தகங்களில் எழுதினார்கள். ஒரு பிரதி லெடன்ஹால் தெருவிலிருந்த கம்பெனி தலைமையகத்துக்குக் கப்பலில் வரும். யேலின் குடும்ப வாழ்க்கையை அந்த ஏடுகளிலிருந்தே பொறுக்கி எடுக்கலாம். கேத்தரின் மூலம் யேலுக்குப் பிறந்த ஒரே மகன் டேவிட், 1688இல் மெட்ராஸில் குழந்தையாகவே இறந்தான். ஹின்மர்ஸ் கல்லறையிலேயே அவனையும் அடக்கினார்கள். உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் அந்தக் கூம்புக் கல் இருக்கிறது. வாகனம் நிறுத்த இடம் வேண்டும், அதைப் பெயர்த்து வேறெங்காவது வையுங்கள் என்று 2023இல் நீதிமன்றம் வரைக்கும் விவகாரம் போனது. மகள்கள் மூவர் பிழைத்தார்கள். 1689இல் மனைவி கேத்தரின் பிள்ளைகளோடு இங்கிலாந்து போய்விட்டார். யேல் மட்டும் இருந்தார். ஹெரோனிமா டி பைவா என்ற போர்த்துகீசிய யூதப் பெண்ணோடு அவர் வாழ்ந்ததும், அவர்களுக்கு சார்லஸ் என்று ஒரு மகன் பிறந்ததும் ஊருக்கே தெரியும். ஆனால் கொடிவழிப் படத்தில் அந்தக் கிளையைப் பலர் வரைவதே இல்லை.

1690இல் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் யேல் நிர்வாகம் வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம்வரை நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்று கடலூர்க்காரர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர். வேல்ஸ் நாட்டுப் புனிதர் பெயரா, இறந்த பிள்ளையின் பெயரா என்று இரண்டு கட்சி உண்டு. இரண்டும் ஒரே பெயர்தானே, அவரே இரண்டையும் மனதில் வைத்திருக்கலாம்.

அந்த ஆலோசனைப் புத்தகங்களில் இன்னொரு வகைப் பதிவும் இருக்கிறது. 1686, 87இல் மெட்ராஸைச் சுற்றிப் பஞ்சம். மனிதர்கள் விலைக்கு வந்தார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகள் ஏற வேண்டும் என்ற விதியை யேல் தலைமையிலான கவுன்சில் நடைமுறைப்படுத்தியது. செயின்ட் ஹெலினா போன்ற கம்பெனித் தீவுகளுக்கு அவர்கள் போனார்கள். 1688 மே மாதம் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். இரக்கப்பட்டு அல்ல, கோல்கொண்டாவைப் பிடித்துவிட்ட மொகலாயரைப் பகைத்துக்கொள்ளக் கூடாதே என்று. கப்பலேறியவர்களுக்கு எண்ணிக்கை உண்டு. தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் கிடையாது. விற்ற சரக்குக்கு வம்சம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

அதே 1688 செப்டம்பர் 29இல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இவரும் அமெரிக்காவில் பிறந்தவர்! கனெக்டிகட்டில் கில்ஃபோர்ட், 1652. தாத்தா பிரான்சிஸ் 1629இல் லெஸ்டரிலிருந்து சேலத்துக்குப் போன பாதிரியார் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்). பேரன் ஹார்வர்டில் படித்து 1670இல் பட்டம் வாங்கினார். தனிவியாபாரத்தில் கையை நனைத்தார் என்ற புகாரில் 1692இல் யேலை நீக்கியபோது, கவர்னர் நாற்காலி ஹிக்கின்சனுக்கு வந்தது. ஆக, அமெரிக்காவில் பிறந்த இருவர் அடுத்தடுத்து மெட்ராஸை ஆண்டிருக்கிறார்கள். ஹிக்கின்சன் 1708இல் லண்டனில் இறந்தார்.

யேல் கணக்கு வழக்கெல்லாம் தீர்த்து 1699இல்தான் ஊர் திரும்பினார், ஏராளமான வைரங்களோடு. ஒரு மகள் கேவண்டிஷ் பிரபு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், இன்னொருத்தி நார்த் குடும்பத்தில். ஆனால் பெயர் சொல்ல, முறைப்படி பிறந்த ஆண் வாரிசு இல்லை. அப்போது கிழவர் என்ன செய்தார் தெரியுமா? தானே கொடிவழி தேடினார். லண்டனில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு முகவராக இருந்த ஜெரமையா டம்மர் 1711இல் ஒரு கடிதம் எழுதினார். பெரும் பணக்கார யேல், மகன் இல்லாததால் கனெக்டிகட்டிலிருந்து ஓர் உறவுப் பையனை வாரிசாக வரவழைக்கிறார் என்பது செய்தி. வந்த பையன் அந்தச் சித்தப்பா தாமஸின் கிளையைச் சேர்ந்தவன். மூன்று வயதில் விட்டுப்போன நாட்டில் தனக்கு இரத்த சொந்தம் இருக்கிறது என்று அறுபது வயதில் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. கனெக்டிகட்டில் பணமில்லாமல் தள்ளாடிய ஒரு கல்லூரி அந்த ஞாபகத்தைத்தான் பிடித்துக்கொண்டது. 1718 ஜனவரியில் காட்டன் மேத்தர் என்ற பாதிரியார், பிள்ளைகள் தரும் பெயரைவிட நிலைத்த பெயர் கிடைக்கும் என்ற தோரணையில் அவருக்கு எழுதினார். வாரிசு இல்லாதவரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார்! ஒன்பது பொதி துணிமணி, 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் போயின. துணியை விற்றதில் 562 பவுன் 12 ஷில்லிங். கல்லூரிக்கு யேல் பெயர்.

1721 ஜூலை 8இல் லண்டனில் இறந்து ரெக்ஸத்தில் அடக்கமானார். உயில் முறையாக முடிக்கப்படவில்லை. கல்லூரிக்கு மேலும் 500 பவுன் உண்டு என்று டம்மர் அலைந்தார். காசு வரவில்லை. வீட்டுச் சாமான்கள் பல ஏலங்களில் விற்றுத் தீர்ந்தன.

1719 வாக்கில் வரைந்த ஒரு குடும்பப் படம் தப்பியது. மருமகன் முதலானவர்களோடு யேல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் கழுத்துப் பட்டையோடு ஓர் அடிமைச் சிறுவன். 2020இல் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடம் படத்தைக் கழற்றி, ஆய்வு செய்து, 2022இல் திரும்ப மாட்டியது. சீமான்களைப் பெயரோடு அடையாளம் கண்டார்கள். பையனின் பெயர் அகப்படவில்லை. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது.

நேயர்கள் யாராவது சொந்தக் குடும்பத்தைத் தேட நினைத்தால் ஒரு வழி சொல்கிறேன். 1688இல் மேயரோடு பதவியேற்ற ஆல்டர்மேன் பன்னிரண்டு பேரில் மூவர் நம் வியாபாரிகள்: சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை. ஏட்டில் இந்த எழுத்துக்கூட்டல் இருக்காது. வீரண்ணா அங்கே வெரோனா ஆகிவிடுவார், இத்தாலி ஊர் போல. அதனால் பட்டியலைக் கண்ணால் ஓட்டாமல் வாயால் படித்துப் பாருங்கள், பெயர் காதில் விழும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பிரிட்டிஷ் நூலகத்தில் மெட்ராஸ் தேவாலயப் பதிவுகள் 1698 முதல் இருக்கின்றன. நிலம் இருந்த குடும்பமாக இருந்தால் ஊருக்குப் போகும்போது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒரு மனு போடுங்கள். தாத்தாவின் பெயரோடு கிராமத்தின் பெயரையும், தெரிந்தால் பட்டா எண்ணையும் குறித்துக்கொண்டு போவது நல்லது.