கடல் கடந்து வந்த பாட்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



பள்ளிப் பருவத்தை எண்ணிப் பார்ப்பவர்க்கு முதலில் நினைவில் எழுவது பெரும்பாலும் பாடநூலன்று, பாட்டு. 1960-களிலும் 1970-களிலும் நெல்லை, இராமநாதபுரம் மாவட்டங்களில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்களைக் கேட்டால் இவ்வுண்மை விளங்கும். மனப்பாடச் செய்யுளில் பாதியை மறந்தவர்கள், அதே ஆண்டில் கேட்ட திரைப்பாடலை இடையிசை உட்பட இன்றும் முணுமுணுப்பார்கள். அப்பாடல் எவ்வழியே வந்தது, வந்து என்ன செய்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

அது கடல் கடந்து வந்தது. 1952இல் மத்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் இசைச்சுவையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் செவ்வியல் இசை முதலிடம் பெற்றது, திரைப்பாடல் ஒதுக்கப்பட்டது. மக்களோ தம் சுவையை மாற்றிக்கொள்ளவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை மாற்றிக்கொண்டார்கள். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அவர்களை வரவேற்றது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி பிறந்தது. அதன் பிறகும் தென்கோடி மாவட்டங்களில் கொழும்பின் குரலுக்கே செல்வாக்கு மிகுதி.

அன்று வானொலிப் பெட்டி எல்லா வீட்டிலும் இல்லை. வைத்திருந்தோரும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே மாணவனுக்குத் தேநீர்க் கடையும் அடுத்த வீட்டுத் திண்ணையுமே இசையரங்கு. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலிக்கும். பள்ளிக்குப் புறப்பட்ட கால்கள் தாமே நிற்கும். விரும்பிய பாடலை விரும்பிய நேரத்தில் கேட்கும் வசதி இல்லை. அது வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தால் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். முதல் முறை பல்லவி, அடுத்த வாரம் முதல் சரணம், அதற்கடுத்து எஞ்சியது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பாடல் வளரும். காதில் பிழையாக விழுந்த சொல் பிழையாகவே எழுதப்படும். திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் கைக்கு எட்டும்போதுதான் அது திருத்தம் பெறும். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அச்சிறு நூலே பலருக்குக் காசு கொடுத்து வாங்கிய முதல் தமிழ்ப் புத்தகம்.

இவ்வாறு காத்திருந்து, கேட்டு, எழுதி, திருத்திக்கொண்ட பயிற்சி இலக்கியப் பயிற்சியே. 1961 ஒன்றிலேயே ‘பாவ மன்னிப்பு’, ‘பாச மலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்று படங்கள் வெளிவந்தன. விசுவநாதன் - இராமமூர்த்தி இசையும் கண்ணதாசன் சொல்லும் ஊரெங்கும் நிறைந்தன. 1962இல் வந்த ‘பாத காணிக்கை’யில், இறந்தவனோடு யார் எதுவரை வருவார் என்று கேட்ட பட்டினத்தாரின் குரல் புதிய மெட்டில் ஒலித்தது. பள்ளிப் பாடநூல் அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் நின்றுவிட்டது. தலைவன் நோக்குங்கால் நிலம் நோக்கும் தலைவியைக் காட்டும் குறிப்பறிதல் அதிகாரத்துக் குறளின் கருத்தை, 1965இல் வந்த ‘வாழ்க்கைப் படக’ின் பாடலொன்று எளிய தமிழில் தந்தது. பி.பி. சீனிவாசின் குரலில் காமத்துப்பாலை முதன்முதல் கேட்டவர்கள், அது குறள் என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தார்கள். அறிந்தபோது குறள் அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை; பழகிய முகமாக இருந்தது.

அக்காலப் பாட்டெல்லாம் பொன்னென்று சொல்வதற்கில்லை. வெறும் சந்தத்தை நிரப்பிய பாடல்களும், பெண்ணை இழித்துரைத்த பாடல்களும் அவற்றுள் உண்டு. நினைவு ஒரு சல்லடை. பதரை விட்டுவிட்டு மணியை மட்டும் காட்டும். ‘அந்தக் காலம் போல் வருமா’ என்னும் பெருமூச்சில் பாதி, இழந்த இளமைக்கு உரியதே. இதை ஒப்புக்கொண்டாலும், திரைப்பாட்டை வாயிற்படியிலேயே நிறுத்திய இலக்கியவாணர் பலர், தாம் முதலில் சுவைத்த தமிழ் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்தனர் என்பதும் உண்மை.

மறைக்கலாகாத மற்றொரு கடனும் உண்டு. பாட்டைக் கொண்டுவந்தவை இலங்கைத் தமிழ்க் குரல்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்னும் பெயர்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலும் நடிகர் பெயர்களைப் போல் வழங்கின. ஓரெழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் பாடலைப் பாடச் செய்த ‘பாட்டுக்குப் பாட்டு’, பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கும் வந்தது. அக்குரல்களின் திருத்தமான உச்சரிப்பைப் போலப் பேசிப் பார்க்காத மாணவர் குறைவு. ஆனால், அக்குரலுக்கு உரியவர் எந்தத் தெருவில் வாழ்கிறார், அச்சமின்றி வாழ்கிறாரா என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்மீது வன்முறை பாய்ந்தபோதுதான் அக்கேள்வி எழுந்தது. பின்னாளில் கே.எஸ். ராஜா கொழும்பில் கொலையுண்டார். துள்ளும் தமிழால் எண்ணற்ற வீடுகளை மகிழ்வித்த ஒருவரின் முடிவு அது. பாட்டை மட்டும் நினைத்து, பாட்டைச் சுமந்து வந்தவரை மறப்பது நன்றியாகாது.

பாடல் இசைத்தட்டில் இருக்கிறது. இன்று கைப்பேசியிலும் நொடியில் கிடைக்கிறது. இரண்டு பாடல்களுக்கு இடையே அறிவிப்பாளர் சொன்ன சொல் இசைத்தட்டில் இல்லை. தேநீர்க் கடை வாசலில் நின்றவனின் மனநிலையும் அதில் இல்லை. அவை கேட்டவர் நினைவிலும், மட்கும் கணக்கு நோட்டுகளிலுமே தங்கியுள்ளன. அத்தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் அம்முதியவர்களை அழைத்து, அவர்கள் கேட்டதையும் எழுதியதையும் சொல்லச் செய்து பதிவு செய்யுமானால், தமிழ் இலக்கிய வரலாற்றில் விடுபட்ட ஓர் இயலை எழுதிய பெருமை அதற்கு உரியதாகும். பழைய நோட்டுகள் உள்ள பெட்டிகளை இவ்வாரமே திறந்து பாருங்கள்.