திபெத்தியரை நம் மாணவர் அறிதல்



குளிர்காலத்தில் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் கம்பளிச் சட்டை விற்க வரும் திபெத்தியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். நம் பிள்ளைகள் அவர்களைச் 'சீனாக்காரர்' என்று அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். சீன ஆட்சியால் நாடிழந்தவர்க்கு அப்பெயரையே இடுவது எத்துணைக் கொடுமை! பிறர் இட்ட பெயரைச் சுமப்பதன் வலியை நம் சமுதாயம் அறியாததன்று. ஆதலின், ஆரப்பாளையத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் திபெத்தைப் பற்றிய பாடமொன்றை வைத்தோம்.

1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவை விட்டு நீங்கினார். அவரைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 மக்கள் இமயம் கடந்தனர். அவர்களுள் பலருக்கு இந்தியாவில் கிடைத்த முதல் வேலை, மலைச்சாலை அமைக்கக் கல் உடைப்பது. பெற்றோர் கல் உடைக்க, பிள்ளைகள் நோயிலும் பசியிலும் வாடினர். 1960 மே மாதத்தில் ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தரம்சாலாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா அவர்களைப் பேணும் பொறுப்பை ஏற்றார். இன்றைய திபெத்தியக் குழந்தைகள் கிராமப் பள்ளிகளின் தொடக்கம் அதுவே. முசூரியில் அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சிலேயே, ஒரு பள்ளி திறந்துவிட்டனர். நிலையான குடியிருப்பு இல்லை; பள்ளி இருந்தது! இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பு அமைதியாயிற்று. அங்கிருந்த பிள்ளைகள் சிலரின் தாய்மார் சித்தாள் வேலைக்குச் செல்பவர்கள்.

மொழியிலும் ஓர் உறவுண்டு. காஞ்சியோடு தொடர்புடைய தண்டியின் வடமொழி அணிநூலைத் தழுவியே தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. அவ்வடநூல் 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழியிலும் பெயர்க்கப்பட்டு, அங்கே கவிதை பயில்வோர்க்கு இலக்கணமாயிற்று.

ஒன்றை மாணவரிடம் மறைக்கலாகாது. பழைய திபெத்தில் கொல்லரும் இறைச்சித் தொழிலாளரும் இழிந்தோராகவே கருதப்பட்டனர். 1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவியது சமத்துவம் நாடி. அப்புத்தரை வணங்கிய நாட்டிலும் தீண்டாமையின் சாயல் இருந்தது. இதையும் சேர்த்தே சொன்னோம்.

"ஆனையூரில் ஈழத்தமிழர் முகாம் இருக்க, இமயத்துக்கு ஏன் போகிறீர்கள்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்; நாங்கள் சற்றுத் தலைகுனிந்தோம். ஆயினும் திபெத்துப் பாடம் முடிந்த மறுவாரம், முகாம்ப் பிள்ளைகளையும் இவ்வகுப்புக்கு அழைக்கலாமா என்று ஒரு மாணவியே கேட்டாள். அழைத்திருக்கிறோம். வரும் தை மாதம் முதல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாய்கள் போதா, கரும்பலகையும் இன்னொன்று வேண்டும். இவ்வவையில் இருப்போர் அவற்றைத் தந்துதவ வேண்டுகிறோம்.